ஓராண்டு நிறைவும் ஓர் எல்லைக்கோடும்

பிறந்தநாளில் விளக்கை ஏற்றுவதா, மெழுகுதிரியை ஊதி அணைப்பதா என்னும் வழக்கு, அயல்மாநிலத்தில் வாழும் நம்மவர் கூட்டங்களில் ஓயாது நடந்து வருகிறது. அணைப்பது தமிழ்ப் பண்பாடன்று என மேடையில் முழங்குவர், கைதட்டல் எழும், மறுவாரமே முழங்கியவர் இல்லத்துப் பேரக்குழந்தைக்கு மூன்றடுக்குக் கேக் வெட்டப்படும். அதைக் குறை கூற நாம் வரவில்லை. மாவினாலும் மெழுகினாலும் அழிந்துபோகும் பண்பாடு எதுவும் இத்தனை நூற்றாண்டு நின்றிருக்க இயலாது. நம் வழக்கு வேறு. குழந்தையின் முதலாண்டு நிறைவுக்கு நாம் யாரை அழைக்கிறோம், யாரை அழையாது விடுகிறோம் என்பதே அது. இவ்வழக்கில் முதற் குற்றவாளிகள் நாங்களே. ஆதலால் பிறர் மீது கல்லெறியும் துணிவோடு அன்று, சான்று கூறும் கடமையோடு எழுதுகிறோம்.

நாங்கள் வாழ்வது அத்திபெலே. தமிழர் நாவில் அஃது அத்திப்பள்ளி. ஆனேக்கல் வட்டத்தின் கடைக்கோடி. ஒசூர் நெடுஞ்சாலையில் கருநாடகம் முடிந்து தமிழ்நாடு தொடங்கும் இடம். எல்லை வளைவைக் கடந்தால் சூசுவாடி. அதனின்று ஒசூர் கூப்பிடு தொலைவு. காலையில் ஒசூரிலிருந்து இப்பக்கம் வேலைக்கு வருவோரும், இப்பக்கமிருந்து ஒசூர்த் தொழிற்பேட்டைக்குச் செல்வோரும் ஒரே சாலையில் எதிரெதிரே கடந்து போவர். தெருவில் கன்னடம், தெலுங்கு, தமிழ், உருது நான்கும் ஒலிக்கும். ஒரு வாக்கியத்தைக் கன்னடத்தில் தொடங்கித் தெலுங்கில் முடிப்பவரைக் கண்டு இங்கு எவரும் வியப்பதில்லை. இத்தகைய ஊரில் வாழும் நாங்கள்தாம் 'அயலார் நடுவே வாழ்கிறோம்' என்று கடிதந்தோறும் உறவினர்க்கு எழுதிக்கொண்டிருந்தோம்! மலேயாவிலும் மொரீசியசிலும் கடல் கடந்து வாழும் தமிழர் அப்படிக் கூறினால் அதில் பொருளுண்டு. ஈருருளி வண்டியில் கால்மணி நேரம் சென்றால் தாய்மாநிலத்தில் தேநீர் அருந்தக்கூடிய எங்களுக்கு அச்சொல் எவ்வகையில் பொருந்தும்?

எனினும் பொருத்திக்கொண்டோம். எங்கள் இளைய மகள் 2015 ஆகஸ்ட் 29ஆம் நாள், ஆவணி அவிட்டத்தில் பிறந்தாள். அலுவலக நண்பர்கள் 2016 ஆகஸ்ட் 29ஆம் நாளைக் குறித்துக்கொண்டு கேக் கேட்டனர். நாங்களோ நாள்மீன் கணக்கைப் பார்த்தோம். அவ்வாண்டு ஆவணியில் அவிட்டம் இருமுறை வந்தது; அவ்வாறு வருமிடத்துப் பின்னதைக் கொள்வது எங்கள் பக்கத்து வழக்கம். ஆகவே செப்டம்பர் 15, வியாழன் என முடிவாயிற்று. தருமபுரிப் பக்கத்துக் குலதெய்வக் கோயிலில் முடியிறக்கிக் காது குத்துவது, தாய்மாமன் மடியில் குழந்தையை இருத்துவது, ஊரார்க்கு விருந்து. ஒசூரில் 150 அழைப்பிதழ் அச்சிட்டோம். முழுமையும் தமிழ். முகவரிகள் எழுதி முடித்தபின் எண்ணிப் பார்த்தால், அத்திப்பள்ளியில் நாங்கள் குடியிருந்த தெருவுக்கு ஒன்றுகூட இல்லை. அக்குழந்தையைப் பிறந்த பதினோராம் நாளிலிருந்து ஏந்திக் குளிப்பாட்டிய பக்கத்து வீட்டுக் கன்னட மூதாட்டிக்கும் இல்லை. மறந்துவிட்டோம் என்று கூறினால் அது பொய். 'ஊரில் நடக்கும் விழாவுக்கு இவர்கள் எங்கே வரப்போகிறார்கள்' என்று நாங்களே தீர்ப்பு எழுதிவிட்டோம்.

இங்குச் சற்று நின்று, ஆண்டுநிறைவு என்பது யாது என்பதைக் காண்போம். இந்தியாவில் 1971ஆம் ஆண்டில் பிறந்த ஆயிரம் குழந்தைகளுள் 129 குழந்தைகள் ஓராண்டு நிறையுமுன் மாண்டன என்பது அரசின் கணக்கு. 2020ஆம் ஆண்டில் அவ்வெண் 28. நம் பாட்டிமார் காலத்தில் முதல் ஆண்டைக் கடப்பதென்பது ஆற்றைக் கடப்பதற்கு ஒப்பாகும். கரையேறிய குழந்தையைக் காக்க உடன் விழித்திருந்தோரை அழைத்து, 'பிழைத்தது. காணுங்கள்' என்று காட்டுவதே அவ்விழாவின் வேர். காய்ச்சல் கண்ட இரவில் கதவைத் தட்டியபோது திறந்தவர் யாரோ, அவரே அதற்கு முதல் விருந்தினர். பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் 1969இன் கீழ் அமைந்த விதிகளும், பெயரின்றிப் பதிவான குழந்தையின் பெயரைக் கட்டணமின்றிச் சேர்க்கப் பதிவு நாளிலிருந்து பன்னிரு திங்களே தவணை தருகின்றன. அலுவலகக் கோப்புகளோடு உழலும் எங்களுக்கு இத்தகைய செய்திகள் கண்ணில் படுவது இயல்பு. பாட்டி கணக்கும் பதிவாளர் கணக்கும் இவ்விடத்து ஒத்துப்போவது எங்களுக்கு வியப்பே.

இலக்கியத்திலும் சான்று உண்டு. தொல்காப்பியம் புறத்திணையியலில், அரசன் சினம் நீங்கியிருக்கும் பிறந்தநாள் விழாவைப் பெருமங்கலம் என்று வைத்தது. அந்நாளில் வெள்ளணி அணிதலும், சிறைப்பட்டோரை விடுதலும், போரும் கொலையும் ஒழிதலும் உண்டென உரையாசிரியர் விரித்துரைப்பர். தமிழன் பிறந்தநாளுக்கு இட்ட முதல் இலக்கணம் பகையை இறக்கிவைத்தல் என்பதை நம் மேடைப் பேச்சாளர் எவரேனும் எடுத்துரைக்கக் கேட்டதுண்டா? மெழுகுதிரியைப் பற்றி மட்டும் மணிக்கணக்கில் பேசுவர்.

பிள்ளைத்தமிழிலோ குழந்தை ஓராண்டை ஒட்டிவரும் காலத்தை வருகைப் பருவம் என்பர். தளர்நடை இடும் குழந்தையை 'வருக, வருக' என அழைக்கும் பருவம் அது. மீனாட்சியம்மை பிள்ளைத்தமிழ் பாடிய குமரகுருபரர், பின்னாளில் காசிக்குச் சென்று மடம் நிறுவியவர். அங்கு ஆட்சியாளரோடு உரையாடும்பொருட்டு இந்துத்தானி மொழியைக் கலைமகள் அருளால் பெற்றார் என்றும், அதற்கெனப் பாடியதே சகலகலாவல்லி மாலை என்றும் மரபு கூறும். அற்புதத்தை நம்புவோர் நம்புக; நம்பாதோர் விடுக. தமிழில் குழந்தையை அழைக்கத் தெரிந்த ஒருவர், புகுந்த நாட்டின் மொழியை வேண்டிப் பெற்றார் என்னும் நினைவை நம் மரபு போற்றி வைத்திருக்கிறது என்பதே நமக்கு வேண்டுவது. பத்தும் பதினைந்தும் ஆண்டு இம்மாநிலத்தில் ஊதியம் பெற்றும் கன்னடத்தில் ஒரு பெயர்ப்பலகையைப் படிக்க அறியாதோர் நம்முள் எத்தனை பேர்? அவர்கள் அதைக் கொள்கை என்றும் கூறிக்கொள்வர். அது கொள்கையன்று, சோம்பல்.

இனி 2016க்கு வருவோம். காவிரி நீர் பற்றிய உச்சநீதிமன்ற ஆணையை ஒட்டிச் செப்டம்பர் 9ஆம் நாள் கருநாடகத்தில் முழு அடைப்பு. 12ஆம் நாள் சென்னையில் கன்னடர் உணவு விடுதியொன்று தாக்கப்பட்டது. இராமேசுவரத்தில் கருநாடக வண்டிகள் தாக்கப்பட்டன. அன்று பிற்பகலே பெங்களூரில் தமிழ்நாட்டுப் பதிவெண் கொண்ட பேருந்துகளும் சரக்குந்துகளும் எரிந்தன. நகரின் 16 காவல்நிலைய எல்லைகளில் ஊரடங்கு. எல்லையில் பேருந்துகள் நின்றன. குழந்தைகளைத் தோளிலும் பெட்டிகளைத் தலையிலும் சுமந்து மக்கள் அத்திப்பள்ளிக்கும் சூசுவாடிக்கும் இடையே நடந்து கடந்தனர். எங்கள் தெரு முனையிலிருந்து அவ்வரிசையைக் கண்டோம்.

அன்று மாலை நாங்கள் செய்தவற்றைக் கூறுவதில் நாணமே மிகுகிறது. வண்டியின் முகப்பில் ஒட்டியிருந்த 'முருகன் துணை' என்னும் எழுத்தை நகத்தால் சுரண்டி எடுத்தோம். மீந்த அழைப்பிதழ்களை மேசையிலிருந்து எடுத்து அலமாரியில் துணிகளுக்கு அடியில் வைத்தோம். திண்ணையில் அமர்ந்து பேத்திக்குத் தாலாட்டுப் பாடிய எங்கள் அன்னையாரை உள்ளே வரச் சொன்னோம். 'ஏனப்பா, பாட்டுக்குமா?' என்று கேட்டார். பதில் கூறவில்லை. ஒருவர் கல்லை ஓங்கவில்லை. ஒருவர் கடிந்து நோக்கவில்லை. ஆயினும் எங்கள் மொழியை எங்கள் கையாலேயே ஒளித்துவைத்தோம். தெருவார் யாரென அறியாத அச்சம் அது. அறியாமைக்குக் காரணம் அவர்களா, நாங்களா?

மறுநாள் பொழுது புலர்ந்ததும் அந்த அஜ்ஜி பால் செம்போடு வந்தார். கடைகள் அடைத்துக் கிடந்தன. ஊருக்குப் போகும் வழியில்லை என்றும், குழந்தையின் ஆண்டுநிறைவு தள்ளிப்போகிறது என்றும் எங்கள் இல்லத்தரசி கூறிவிட்டார். அஜ்ஜியோ, "யாகம்மா ஊரிகே ஹோகபேகு? நாவில்வா?" என்றார். ஏனம்மா ஊருக்குப் போக வேண்டும், நாங்கள் இல்லையா என்பது அதன் பொருள். மிக எளிய கேள்வி. 150 அழைப்பிதழ் எழுதிய கைகளுக்கு அதற்கு விடை எழுதத் தெரியவில்லை.

15ஆம் நாள் காலை குழந்தையின் தாய்மாமன் கிருட்டினகிரியிலிருந்து ஒசூர் வந்து, சூசுவாடியிலிருந்து நடந்தே எல்லை கடந்து வந்து சேர்ந்தார். தாம்பாளம் இல்லை, மேளம் இல்லை. தோளில் ஒரு துணிப்பை. அதனுள் பட்டுப்பாவாடையும் வெள்ளிக் கொலுசும் ஒரு சோடித் தோடும். வழியில் யாரேனும் வினவினால் என் செய்வது என்று, வெளியே தெரியும்படி மேலே ஒரு கன்னடச் செய்தித்தாளை மடித்து வைத்திருந்தார்! படிக்க அறியாத தாள். அதைக் கண்டு முதலில் சிரித்தவர் அஜ்ஜிதான். தலைகீழாக மடித்திருக்கிறது என்றும் சொன்னார்.

தெருவிலிருந்த பொற்கொல்லர் காது குத்தினார். மாமன் மடியில் குழந்தை அலறியபோது, 'சோதரமாவனின் மடிதானே, அழாதே' என்று கன்னடப் பெண்டிர் தேற்றினர். அவர்களுக்கும் அச்சடங்கு அதுவே, மடியும் அதுவே, மாவன் என்னும் சொல்லும் மாமனுக்கு உடன்பிறப்பே. எதிர்வீட்டுத் தெலுங்குக் குடும்பத்தார் வாழையிலை கொணர்ந்தனர். இரு நாள் முன்னரே பக்ரீத் கொண்டாடிய வீட்டிலிருந்து சேமியாப் பாயசம் வந்தது. விளக்கேற்றிய பின் அஜ்ஜி எங்கள் இல்லத்தரசியை மணையில் அமர்த்தி, முந்தானையில் அரிசியும் வெல்லமும் தேங்காயும் வெற்றிலைபாக்கும் இரவிக்கைத் துணியும் இட்டு மடி நிறைத்தார். மடிலக்கி என்பர் அதனை. மகளுக்குத் தாய்வீட்டார் இடுவது அது. தாய்வீட்டார் எல்லைக்கு அப்பால் நின்றுவிட்டதால் அவ்விடத்தில் அவர் அமர்ந்தார். எவரும் அவரைக் கேட்டுக்கொள்ளவில்லை. பின்னர் மாமனைத் தனியே அழைத்து, ஒசூர்ப் பக்கம் கலகம் உண்டா என்று மெல்ல வினவினார். அவருடைய தங்கை தேன்கனிக்கோட்டைப் பக்கத்துச் சிற்றூரில் வாழ்கிறார் என்பதை அப்போதுதான் அறிந்தோம். எங்களுக்கிருந்த அதே அச்சம், எல்லையின் மறுபுறத்தை நோக்கி, அவருக்கும் மூன்று நாட்களாக இருந்திருக்கிறது.

இதைக் கூறி எரிந்த பேருந்துகளை மறக்கச் சொல்கிறோமா? இல்லை. ஓர் அஜ்ஜியின் அன்பு கலகக்காரரின் குற்றத்தைக் கழுவாது. 1991இல் அல்சூர் ஏரிக்கரையில் நிறுவிய திருவள்ளுவர் சிலை, பதினெட்டு ஆண்டு மூடியே கிடந்து 2009 ஆகஸ்ட் 9ஆம் நாள்தான் திறக்கப்பட்டது; நான்கு நாள் கழித்துச் சென்னை அயனாவரத்தில் சர்வக்ஞர் சிலை திறக்கப்பட்டது. புலவனுக்குப் புலவன் ஈடு என்று இரு அரசுகள் பேசி முடித்த பின்னரே கல்லுக்கு விடுதலை கிடைத்தது. அரசுகள் அவ்வாறுதான் நடக்கும். வீடுகளும் அவ்வாறே ஈடு பேச வேண்டும் என்பதில்லை.

'நாங்கள் ஊருக்குப் போவதில்லை. இங்கேயே மண்டபம் எடுத்துச் சிறப்பாகத்தான் செய்கிறோம்' என்போர்க்கு ஒரு சொல். அண்மையாண்டுகளில் அவ்விழாக்கள் பலவற்றுக்குச் சென்றிருக்கிறோம். வாயிலில் பலூன் வளைவு. ஒலிபெருக்கியில் ஆங்கிலத்தில் கூவும் இளைஞர். குழந்தையின் பாட்டிக்குப் புரியாத பாடல். பொம்மை வேடமிட்ட ஆள் அருகில் வர, வீறிட்டு அழும் குழந்தை. கேக்கை வெட்டும் நேரத்தில் விழாவின் நாயகி தூங்கிப்போவதும் உண்டு, எழுப்பிப் படமெடுப்பர். தமிழும் இல்லை, கன்னடமும் இல்லை. எவர் மனத்தையும் புண்படுத்தாத விழா என்பர். எவர் மனத்தையும் தொடாத விழா என்போம் நாம். கூட்டுறவுக் கடன் சங்கத்தில் கடன் பெற்று அதனைச் செய்து, குழந்தை பள்ளி சேரும் நாளிலும் தவணை கட்டிக்கொண்டிருக்கும் எழுத்தர்களை அலுவலகத்தில் அன்றாடம் காண்கிறோம். ஊருக்கு ஓடுவது அண்டை வீட்டை மறுப்பது. மண்டபத்துக்குள் ஒளிவது அண்டை வீட்டையும் சொந்த வீட்டையும் ஒருசேர மறுப்பது.

கொரிய நாட்டாரைக் காணுங்கள். அவர்களுக்கும் முதலாண்டு நிறைவு பெருவிழாவே, தோல்ஜாஞ்சி என்பர். குழந்தையின் முன் நூலும் அரிசியும் தூரிகையும் காசும் பரப்பி, எதை எடுக்கிறது என்று பார்ப்பர். நூலை எடுத்தால் நீண்ட ஆயுள். அரிசியால் செய்த பலகாரத்தை அண்டை வீடுகளுக்குப் பங்கிடுவது அவர்களின் பழைய வழக்கம். பெற்ற வீட்டார் பாத்திரத்தை வெறுமையாய்த் திருப்பமாட்டார். நூற்கண்டோ சிறிது அரிசியோ இட்டு அனுப்புவர். சென்னையை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் 1990களில் கொரிய மகிழுந்து ஆலை வந்தது முதல் அவர்கள் நம் மண்ணிலும் குடும்பத்தோடு வாழ்கின்றனர். நாம் இங்கு அயலார் எனின், அவர்கள் அங்கு நம்மினும் அயலார். அவர்கள் வீட்டுப் பலகாரம் நம் உறவினர் வீட்டுக் கதவைத் தட்டினால் மகிழ்வோம் அல்லவா? நம் வீட்டுப் பொங்கலும் அதிரசமும் மட்டும் எந்தக் கதவையும் தட்டாமல் எல்லை தாண்டிப் போக வேண்டுமோ?

'இப்படிக் கலந்தால் குழந்தை தமிழை மறந்துவிடாதா?' எனச் சங்கத்துப் பெரியவர் ஒருவர் எங்களைக் கேட்டார். அவர் கவலை உண்மையானது. எள்ளி நகையாடத் தக்கதன்று. கருநாடகத்தில் 2015ஆம் ஆண்டின் கன்னடக் கற்றல் சட்டத்தின்படி பள்ளியில் கன்னடம் கட்டாயம். தமிழ்நாட்டில் 2006ஆம் ஆண்டுச் சட்டப்படி தமிழ் கட்டாயம். ஒசூரில் கன்னடமும் தெலுங்கும் பேசும் பெற்றோர் படும் கவலையே இங்கு நாம் படுவது. ஆனால் ஐயா, எங்கள் மகளின் தமிழுக்கு அஜ்ஜியால் வந்த கேடு ஒன்றும் இல்லை. பேத்தியை மடியில் இருத்தி எங்கள் அன்னையார் பாடிய தாலாட்டை, அஜ்ஜி கேட்டுக் கேட்டுப் பாதி மனனம் செய்திருந்தார். அன்று திண்ணையில் அதை நிறுத்தியது யார்? நாங்கள்தாம். தமிழை வீட்டில் மறக்கச் செய்வது அச்சமும், பெருமைக்காகப் பேசும் ஆங்கிலமுமே அன்றிப் பக்கத்து வீட்டுக் கன்னடம் அன்று.

இன்னொரு கூட்டம் உண்டு. பெங்களூர் மாவட்டத்துக் கல்வெட்டுகளில் தமிழ் மிகுதி என்பதைச் சொல்லிச் சொல்லி மகிழ்வோர். 1905இல் இரைசு பதிப்பித்த தொகுதியைப் புரட்டினோர்க்கு அது புதிதன்று. தொம்லூர்க் கோயிலிலும் தமிழ்க் கல்வெட்டுகள் உள்ளன. நல்லதே. ஆயின் கல்லில் தமிழ் இருப்பதை நிலவுரிமைப் பட்டயம்போல் நீட்டுவோர், தம் வீட்டு வாயிலில் ஒட்டிய அழைப்பிதழில் இரண்டு வரி கன்னடம் சேர்க்க மறுப்பது என்ன முறை? இம்மண்ணில் நம் முன்னோர் வாழ்ந்தனர் என்பது மெய்யானால், நாம் இங்கு அயலார் அல்லர். அயலார் அல்லரெனில் ஓடவும் ஒளியவும் வேண்டுவதில்லை. இரண்டில் ஒன்றைத் தேர்ந்து பேசுங்கள்.

அவ்வாண்டு தை பிறந்ததும் குலதெய்வக் கோயிலில் முடியிறக்கினோம்; பேருந்தில் எங்களோடு அஜ்ஜியும் வந்தார். தெய்வம் சினந்ததாகத் தெரியவில்லை. அவ்வாறு அஞ்சிய எங்கள் மாமியாரே அஜ்ஜிக்கு வெந்நீர் வைத்துக் கொடுத்தார். அலமாரியில் ஒளித்த அழைப்பிதழ்களுள் சில இன்றும் கிடக்கின்றன; மளிகைக் கணக்கு எழுதப் பின்பக்கம் பயன்படுகிறது. மகள் பள்ளியில் கன்னடம் எழுதுகிறாள். வீட்டில் தமிழ் எழுதுகிறாள். ளகர ழகரத்தில் மட்டும் தடுமாறுகிறாள், அதில் தமிழ்நாட்டுப் பிள்ளைகளோடு அவளுக்கு முழு ஒற்றுமை உண்டு. வண்டி முகப்பில் 'முருகன் துணை' மீண்டும் ஒட்டியாயிற்று. சென்ற திங்களில் அஜ்ஜியின் கொள்ளுப்பேரனுக்கு ஆண்டுநிறைவு அழைப்பிதழ் அச்சாக வேண்டியிருந்தது. தேன்கனிக்கோட்டைத் தங்கை வீட்டின் அக்கம்பக்கத்தார்க்கும் அனுப்ப வேண்டுமாதலால் தமிழில் ஒரு பக்கம் எழுதித் தரக் கேட்டனர். எழுதினோம். பெயர்களைத் தமிழெழுத்தில் எப்படி எழுதுவது என்பதில் மட்டும் மகளுக்கும் எங்களுக்கும் இரண்டு மாலை வழக்கு நடந்தது. அவள் எழுதியதே அச்சாயிற்று.